இல்லமே முதற்பள்ளி

குழந்தைக்கு முதல் வகுப்பறை தாய்மடி. முதற்பாடம் தாயின் பேச்சு. அது அறியும் முதல் எழுத்து, நெற்றியில் தாயின் பெருவிரல் வரையும் சிலுவை அடையாளம். பள்ளிக்கூட மணியோசை காதில் விழுவதற்கு வெகுநாட்களுக்கு முன்பே குழந்தையின் கல்வி தொடங்கிவிடுகிறது. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நம் பெரியோர் கேட்டது இதனால் அன்றோ?

1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று அது ஐயத்திற்கு இடமின்றி எடுத்துரைக்கிறது. பள்ளியும் பங்குக் கோயிலும் பெற்றோருக்குத் துணை நிற்பவை. அவர்களுடைய இடத்தைப் பறித்துக்கொள்பவை அல்ல.

இக்கருத்தை நெஞ்சில் ஏற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் அமெரிக்க நாட்டில் ஏராளம். அவர்களுள் ஒரு சாரார் கைக்கொள்வது 'செவ்வியல் கல்வி' எனப்படும் பழைமையான முறை. அம்முறை யாது? அதில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எத்தகைய குறிக்கோள்களை வகுக்கலாம்? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம். 'பள்ளியில் படிக்கும் நமக்கு இது எதற்கு?' என்று தோழியர் கேட்கக்கூடும். மாலையில் நாம் பாடம் படிக்கும்போது, பக்கத்தில் சிலேட்டுடன் வந்து உட்காரும் தம்பி தங்கையர் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களுக்கு முன் நாமும் சிறிது நேரம் ஆசிரியைகளே.

இல்லக்கல்வி உரிமை பெற்ற வரலாறு

அமெரிக்காவில் ஓரிகன் என்றொரு மாநிலம் உண்டு. 8 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் யாவரும் அரசுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று அங்கே 1922-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியாக ஒரு சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் கத்தோலிக்கப் பள்ளிகள் யாவும் கதவடைத்திருக்கும். அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் யார் தெரியுமா? இயேசு மரி திருப்பெயர்களின் சபையைச் சேர்ந்த கன்னியர்கள்! வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1925-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகக் கன்னியர்களின் பக்கம் தீர்ப்பளித்தனர். பிள்ளை அரசின் உடைமை அன்று. அதனை வளர்க்கும் பெற்றோருக்கு அதன் கல்வியை வழிநடத்தும் உரிமையும் கடமையும் உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பு எழுந்தது பள்ளிகளுக்காக. ஆயினும் பின்னாளில் வீட்டில் கற்பிக்க விரும்பிய பெற்றோரும் அதனைச் சான்றாக எடுத்துக் காட்டினர். மாநிலம் மாநிலமாகப் போராடி, 1993-க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் இல்லக்கல்வி சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது. சில மாநிலங்களில் அரசுக்குத் தகவல் தந்தால் போதும். சிலவற்றில் ஆண்டுத் தேர்வும் உண்டு.

2020-இல் கொரோனா நோய்த்தொற்றால் உலகெங்கும் பள்ளிகள் மூடப்பட்டதை நாம் அறிவோம். அந்த ஆண்டின் வசந்த காலத்தில் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுள் 5.4 விழுக்காட்டினர் இல்லக்கல்வியில் இருந்தனர். அக்டோபரில் அது 11.1 விழுக்காடாயிற்று என்பது அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறையின் செய்தி. சில மாதங்களில் இரு மடங்கு! அவசரத்தில் தொடங்கிய பணியை நிதானத்துடன் தொடர வேண்டுமானால், எதற்காகக் கற்பிக்கிறோம் என்ற தெளிவு வேண்டுமல்லவா? குறிக்கோளின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

செவ்வியல் கல்வி யாது?

கிரேக்க, ரோமானியர் காலத்தில் தோன்றி, இடைக்காலத் துறவு மடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வளர்ந்த கல்விமுறை இது. அதில் ஏழு கலைகள் உண்டு. முதல் மூன்று: இலக்கணம், தருக்கம், சொல்வன்மை. அடுத்த நான்கு: எண்கணிதம், வடிவ கணிதம், இசை, வானியல். முதல் மூன்றும் பாடங்கள் என்பதைவிடக் கருவிகள் எனல் பொருந்தும். தச்சனுக்கு உளியும் இழைப்புளியும் எப்படியோ, அப்படியே மாணவனுக்கு இம்மூன்றும். கருவியைக் கையாளத் தெரிந்தவன் எந்த மரத்தையும் செதுக்குவான்.

இம்முறைக்கு நம் காலத்தில் புத்துயிர் ஊட்டியவருள் குறிப்பிடத்தக்கவர் டோரதி சேயர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்று, பின்னர் தாந்தேயின் பெருங்காப்பியத்தை மொழிபெயர்க்க முனைந்தவர். ஆங்கிலிக்கன் குருவான இவருடைய தந்தை, மகளுக்கு ஏழு வயது நிரம்புவதற்குள்ளேயே வீட்டில் இலத்தீன் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். சேயர்ஸ் முதன்முதலாகப் பள்ளி சென்றது 1909-இல், தம் பதினைந்தாவது வயதில். அதாவது, நம்முடைய வயதில்!

இவர் 1947-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில், பிள்ளைகளின் வளர்ச்சியை மூன்று பருவங்களாகப் பிரித்தார். முதலாவது கிளிப்பிள்ளைப் பருவம். கேட்டதை மனப்பாடம் செய்வதில் இன்பம் காணும் பருவம். இரண்டாவது எதிர்வாதப் பருவம், 'ஏன், எதற்கு?' என்று வீட்டாரை மடக்கும் பருவம். மூன்றாவது கவிதைப் பருவம். தன் எண்ணத்தைத் தன் சொல்லால் அழகுபடக் கூற விழையும் பருவம். இவற்றுக்கு முறையே இலக்கணம், தருக்கம், சொல்வன்மை ஆகியவை ஏற்ற உணவு என்றார். அமெரிக்காவில் தம் பிள்ளைகளை வீட்டிலேயே கற்பித்த ஜெஸ்ஸி வைஸ் என்ற தாயும், அவருடைய மகள் சூசன் வைஸ் பௌரும் சேர்ந்து 1999-இல் வெளியிட்ட ஒரு வழிகாட்டி நூல், இம்மூன்று பருவங்களைப் பல்லாயிரம் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேயர்ஸ் கூறிய கிளிப்பிள்ளைப் பருவம் ஏறத்தாழ 9 வயதில் தொடங்குகிறது. அதற்குள் பிள்ளைக்கு எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் தெரியும் என்றே அவர் எடுத்துக்கொள்கிறார். அப்படியானால் 4 வயதிலும் 5 வயதிலும் உள்ள மழலைக்கு என்ன குறிக்கோள்? ஆர்வம் மிகுந்த பெற்றோர் பலர் இங்கேதான் தடுமாறுகின்றனர். பெரிய பிள்ளைக்குரிய பட்டியலைச் சுருக்கிச் சின்னஞ்சிறு பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகின்றனர். இதற்கு நல்ல விடை தருபவர் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு புனிதர்.

லேத்தாவுக்கு வந்த கடிதம்

ஜெரோம் என்று வழங்கப்படும் புனித எரோணிமுஸ், விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்துத் தந்த மாமேதை. பெத்லகேமில் தங்கி இப்பணியைச் செய்து வந்த அவருக்கு, ஏறக்குறைய 403-ஆம் ஆண்டில், உரோமை நகரிலிருந்து லேத்தா என்ற இளந்தாய் ஒரு வேண்டுகோள் விடுத்தாள். தன் சிறுமகள் பவுலாவை எவ்வாறு வளர்ப்பது என்பதே அவள் கேள்வி. அதற்கு அவர் எழுதிய நீண்ட விடை, இன்றும் நமக்குக் கிடைக்கும் கடிதங்களுள் ஒன்று. உலகமே போற்றிய அறிஞர், ஒரு பச்சிளங்குழந்தையின் அரிச்சுவடியைப் பற்றி இத்தனை கவலை கொண்டாரே என்று வியப்புத் தோன்றுகிறது.

அவர் கூறிய வழிகளைப் பார்ப்போம். எழுத்துக்களை மரத்திலோ தந்தத்திலோ செதுக்கிக் குழந்தையின் கையில் கொடு. அவற்றை வைத்து அவள் விளையாடட்டும், அவ்விளையாட்டே பாடமாகட்டும் என்கிறார். எழுத்துக்களின் வரிசையைப் பாட்டாகப் பாடினால் மட்டும் போதாது. முதலையும் நடுவையும் கடைசியையும் கலைத்துப் போட்டு, ஒலியால் மட்டுமன்றிக் கண்ணாலும் அடையாளம் காணச் செய்ய வேண்டும் என்கிறார். எழுத்தாணி பிடிக்கும் பிஞ்சுக் கை நடுங்கும்போது, பெரியவர் கை அதன்மேல் அமர்ந்து வழிகாட்ட வேண்டும். அல்லது பலகையில் எழுத்தைப் பள்ளமாகச் செதுக்கிவிட்டால், எழுத்தாணி விலகாமல் அதன் வழியே ஓடும். அசைகளைச் சேர்த்துப் படித்தால் சிறு பரிசு தரலாம். உடன் கற்கத் தோழியர் இருக்கட்டும். அவர்கள் பெறும் பாராட்டு இவளுக்கும் ஊக்கம் தரும். மெதுவாகக் கற்கிறாள் என்று கடிந்துகொள்ளலாகாது.

எல்லாவற்றிற்கும் மேலாக அவர் எச்சரிப்பது ஒன்று உண்டு. கல்வியின்மேல் குழந்தைக்கு வெறுப்புத் தோன்றிவிடக் கூடாது. இளமையில் உண்டான கசப்பு, வளர்ந்த பின்னும் மனத்தை விட்டு நீங்காமல் நின்றுவிடக்கூடும் என்பது அவர் அச்சம். நம்மைப் பொறுத்தவரை இக்கடிதத்தின் இதயமே இதுதான். எத்தனை எழுத்து, எத்தனை பக்கம் என்பது இரண்டாவது கேள்வி. இன்று கற்ற பிள்ளை நாளையும் ஆசையோடு வந்து உட்காருமா என்பதே முதற்கேள்வி.

அவருடைய கல்வியில் ஒழுங்கும் உண்டு. படிக்கப் பழகும் சொற்கள் ஏனோதானோ என்று பொறுக்கியவையாக இராமல், குலமுதல்வர், இறைவாக்கினர், அப்போஸ்தலர் ஆகியோரின் பெயர்களாக இருக்கட்டும். அதனால் நாவும் பழகும், நினைவும் நிறையும் என்கிறார். கிரேக்கம், இலத்தீன் இரண்டும் இளமையிலேயே வேண்டும். மறைநூலில் முதலில் சங்கீதங்கள், பின்னர் நீதிமொழிகள், அதன்பின் யோபு, நற்செய்திகள் என்று படிப்படியாக ஏற வேண்டும். கம்பளி நூற்கவும் கை பழக வேண்டும். மேலும் தாயும் தந்தையும் செய்வதில், மகள் பின்பற்றினால் பாவமாகக்கூடிய எதுவும் அவள் கண்ணில் படலாகாது என்று பெற்றோருக்கும் பாடம் வைக்கிறார்.

இக்கடிதத்தில் உள்ள யாவும் இக்காலத்திற்குப் பொருந்தா. குழந்தையை உலகத்திலிருந்து மிகவும் ஒதுக்கி வைக்கும் கடுமையும் அதில் உண்டு. தோட்டத்தில் ஓடியாடும் பிள்ளைக்கு அது வேண்டாம். ஆனால் ஓர் அழகிய காட்சியும் அதில் இருக்கிறது. லேத்தாவின் தந்தை அல்பினுஸ் கிறிஸ்தவரல்லர். பழைய உரோமைச் சமயத்தின் குரு. அவர் மடியில் அமர்ந்து பேத்தி மழலையில் 'அல்லேலூயா' பாட, அம்முதியவர் மகிழ்வதை எரோணிமுஸ் எழுதிக் காட்டுகிறார். பவுலா பின்னாளில் பெத்லகேமுக்கே சென்று துறவு வாழ்வு மேற்கொண்டாள்.

இங்கிலாந்து தந்த இருவர்

எரோணிமுசுக்குப் பின் பல நூற்றாண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் எப்வர்த் என்ற ஊரில் சூசன்னா வெஸ்லி என்ற தாய் வாழ்ந்தார். மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் அன்னை இவர். 19 பிள்ளைகளைப் பெற்றும், 10 பேரே வளர்ந்து ஆளாயினர். அவர்களை வீட்டில் வைத்துத் தாமே கற்பித்தார். ஐந்து வயது முடியும்வரை எழுத்தைத் தொடுவதில்லை. முடிந்ததும் ஒரே நாளில் எழுத்துக்கள் அனைத்தும்! அவருடைய இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்தது. அவர்களை மந்தமானவர்கள் என்று அன்று நினைத்த தாய், பிற வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கின்றனர் என்பதைக் கண்டபின் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். ஒரு பிள்ளையை அளக்கும்போது எவ்வளவு எளிதில் அவசரப்படுகிறோம்! இத்தாயிடம் கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. அத்தனை வேலைகளுக்கு இடையிலும், வாரத்தில் ஒரு மாலை ஒரு பிள்ளைக்கு என்று ஒதுக்கித் தனியே அமர்ந்து பேசுவார்.

மற்றவர் சார்லட் மேசன் (1842–1923). 1886-இல் இல்லக்கல்வியைப் பற்றி நூல் வெளியிட்டு, 1892-இல் ஆம்பிள்சைடு என்ற ஊரில் ஆசிரியப் பயிற்சி இல்லம் நிறுவியவர். ஆறு வயதிற்கு முன் முறையான பாடம் வேண்டாம்; திறந்த வெளியும் நல்ல பழக்கமுமே அவ்வயதின் பாடம் என்றார். சிறு பிள்ளைக்குப் பாடம் 20 நிமிடத்திற்கு மேல் நீளலாகாது. கேட்ட கதையைப் பிள்ளை தன் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பன அவர் விதிகள். செவ்வியல் முறையைக் கைக்கொள்ளும் தாய்மார் பலர் இவற்றையும் உடன் சேர்த்துக்கொள்கின்றனர்.

புதிய குறிக்கோள்கள்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஆறு ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஐந்து குறிக்கோள்கள் போதும் எனத் தோன்றுகிறது.

முதலாவது, இறைப்பற்று. காலையில் எழுந்ததும் ஒரு சிறு செபம், உணவுக்கு முன் நன்றி, இரவில் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணி. திருவருகைக் காலத்தில் ஒரு மெழுகுதிரி, தவக்காலத்தில் ஒரு சிறு தியாகம், மே மாதத்தில் மாதாவுக்கு மலர். திருச்சபையின் ஆண்டே பிள்ளையின் நாட்காட்டியாகட்டும்.

இரண்டாவது, கவனமும் கீழ்ப்படிதலும். ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் மட்டும். 'அழைத்தவுடன் வருதல்' என்பது நிலைத்த பின்னரே, 'விளையாடியதை எடுத்து வைத்தல்' என்ற அடுத்ததைத் தொடங்கலாம்.

மூன்றாவது, செவியும் நினைவும். மழலையின் நினைவு ஈரக் களிமண் போன்றது. எது பதிந்தாலும் நிற்கும். ஆகையால் நல்லவற்றையே பதிப்போம். ஒரு சங்கீதம், ஒரு செபம், தாய்மொழியில் நல்ல பாடல்கள், கோயிலில் கேட்கும் ஓர் இலத்தீன் கீதம் ஆகியவற்றை நாள்தோறும் பாடிக் கேட்கச் செய்தாலே போதும். தேர்வு வைக்க வேண்டுவதில்லை.

நான்காவது, கதை. நாள்தோறும் ஒரு கதை உரக்க வாசிக்கப்பட வேண்டும். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தாவீதின் கதையும், புனிதர் வரலாறும், ஈசாப்பின் நரியும் காக்கையும் இப்பருவத்தின் இலக்கியங்கள். பின்னாளில் வரும் சொல்வன்மைக்கு வித்து இதுவே. எழுத்துக் கற்பதோ, பிள்ளை ஆயத்தமாகும் நாளில் தானே கனியும்.

ஐந்தாவது, கையும் கண்ணும். பட்டாணி உரிக்கட்டும், துணி மடிக்கட்டும், மண்ணில் உருவம் செய்யட்டும். எறும்பின் வரிசையையும், இலையின் நரம்பையும், வளரும் பிறையையும் உற்று நோக்கட்டும். பிற்காலத்துக் கணிதமும் வானியலும் இங்கேதான் முளைவிடுகின்றன.

குறிக்கோளை எழுதும் முறையும் முக்கியம். 'இவ்வாண்டு 100 புத்தகம் முடிக்க வேண்டும்' என்று எழுதினால், ஓட்டம் மிஞ்சும், உள்ளம் மிஞ்சாது. 'ஒவ்வொரு மாலையும் ஒரு கதை. வாரம் ஒரு முறை ஆற்றங்கரைக்கோ பூங்காவுக்கோ நடை' என்று எழுதினால், நிறைவேற்றவும் முடியும், நிறைவேறியதைக் காணவும் முடியும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பெற்றோர் இருவரும் அமர்ந்து பட்டியலைப் பார்க்க வேண்டும். கனிந்ததற்கு நன்றி கூறி, கனியாததைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். பட்டியலின் கடைசி வரியில் தங்களுக்கென்றும் ஒரு குறிக்கோள் எழுதிக்கொள்ளலாம்: பொறுமை, அல்லது நாளும் சிறிது நேர மறைநூல் வாசிப்பு. லேத்தாவுக்கு எரோணிமுஸ் வைத்த பாடம் எல்லாப் பெற்றோருக்கும் உரியதே.

சில ஐயங்கள்

வீட்டிலேயே வளரும் பிள்ளை தனிமைப்பட்டுப் போகாதா? இது நியாயமான கேள்வி. உடன் கற்கத் தோழியர் வேண்டும் என்று எரோணிமுசே எழுதினார் அல்லவா? அமெரிக்காவில் இல்லக்கல்விக் குடும்பங்கள் பல ஒன்றுகூடி, வாரம் ஒரு நாள் பிள்ளைகளைச் சேர்ந்து கற்கவும் விளையாடவும் விடுகின்றன. பங்கின் பீடச் சிறுவர் குழுவும் பாடகர் குழுவும் துணையாகின்றன.

தாய் ஒருத்தியே ஆசிரியையாகவும் சமையற்காரியாகவும் தாதியாகவும் இருந்தால் சோர்ந்துபோக மாட்டாளா? சோர்வாள். ஆகையால் தந்தை பங்கேற்காத வீட்டில் இம்முறை வேரூன்றுவது அரிது. இருவரும் வேலைக்குச் செல்ல வேண்டிய ஏழைக் குடும்பங்களுக்கும், தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் பள்ளியின் உதவி இன்றியமையாதது. தகுந்த கண்காணிப்பு இல்லாவிடில், கற்பிக்கிறோம் என்ற பெயரில் பிள்ளை புறக்கணிக்கப்படும் ஆபத்தும் உண்டு. எனவே இல்லக்கல்வியே சிறந்தது, பள்ளி தாழ்ந்தது என்று நாம் கூற வரவில்லை. ஓரிகனில் வழக்காடிய கன்னியர்களும் பெற்றோரின் உரிமைக்காகவே பள்ளியைக் காத்தனர். வீடும் பள்ளியும் பகைகள் அல்ல. ஒரே வண்டியின் இரு சக்கரங்கள்.

முடிவாக

நாசரேத்து ஊரின் சிறு வீட்டில், அன்னை மரியாளும் சூசையப்பரும் வளர்க்க, இயேசு ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார். அங்கே பாடத்திட்டம் என்ன இருந்தது என்று நற்செய்தி கூறவில்லை. செபமும் உழைப்பும் அன்பும் இருந்தன என்று மட்டும் நம்மால் உணர முடிகிறது. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று பொதுச்சங்கம் அழைத்ததும் இப்பொருளில்தான்.

அன்புள்ள பெற்றோரே! நீங்கள் எங்களைப் பள்ளிக்கு அனுப்பினாலும், எங்கள் தம்பி தங்கையருக்கு முதல் ஆசிரியர்கள் இன்றும் நீங்களே. நாளுக்கு ஒரு கதையும் ஒரு செபமும் அவர்களுக்கு உங்களிடமிருந்து கிடைக்கட்டும். அன்புத் தோழியரே! சிலேட்டுடன் அருகில் வரும் சின்னஞ்சிறு கையை, 'போ, எனக்குத் தேர்வு இருக்கிறது' என்று தள்ளிவிடாதிருப்போம். நடுங்கும் அந்தக் கையின்மேல் நம் கையை வைத்து ஓர் எழுத்தேனும் எழுதச் செய்வோம். கல்வி இனிது என்று அக்குழந்தை உணர்ந்துவிட்டால், மற்றவற்றைக் கற்கும் வழியை அதுவே தேடிக்கொள்ளும்.